ஆயுத பூஜையும் காணாமல் போன பார்ட்டிஷனும்

கம்ப்யூட்டர் படித்து முடித்த புதிதில் எல்லோருக்கும் ஒரு வருடமாவது தலைக்கனம் இருக்கும். எனக்கு இரண்டு வருடம் இருந்தது. அது இறங்கியது ஓர் ஆயுத பூஜையன்று, விருத்தாசலத்தில், என் பெரியப்பாவின் போட்டோ ஸ்டுடியோவில்.

பெரியப்பா அப்போதுதான் ஃபிலிமை விட்டு டிஜிட்டல் கேமராவுக்கு மாறியிருந்தார். படங்கள் குவிந்தன, வைக்க இடமில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். (இருந்திருந்தால் இந்தக் கட்டுரை ஏது?) ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் ஏற்றி, இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை சாஃப்ட்வேர் ரெய்டு என்ற முறையில் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தேன். ஒவ்வொரு படமும் பாதி இதில், பாதி அதில். நம்மூர் செராமிக் பொம்மைக்கு முன்அச்சு, பின்அச்சு இருக்கிற மாதிரி, இரண்டும் சேர்ந்தால்தான் உருவம்.

"ஒரு டிஸ்க்கு போயிட்டா?" என்றார் பெரியப்பா.

"போவாது பெரியப்பா."

கூடவே பெட்டியைத் திறந்து, ஒரு டிஸ்க்கைத் தொட்டுக் காட்டி, "மத்ததெல்லாம் வெறும் தகரம். தொழிலே இதுலதான் இருக்குது" என்று வேறு சொல்லிவைத்தேன்.

பெரியப்பா மகள் கவிதா அக்காவின் கல்யாணப் படங்கள் மொத்தமும் அந்த டிஸ்க்குகளில்தான் இருந்தன. வேறு பிரதி கிடையாது. பூஜை லீவில் அக்கா, மாப்பிள்ளை, அவருடைய அம்மா மூவரும் ஆல்பத்துக்குப் படம் பொறுக்கப் பெண்ணாடத்திலிருந்து வந்திருந்தார்கள். பெரியப்பா காலையிலேயே பூஜையை முடித்துவிட்டு, நல்லூரில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்.

நான் ஸ்டைலாகக் கம்ப்யூட்டரைப் போட்டேன். லினக்ஸ் தனியாக ஒரு சின்ன டிஸ்க்கில் இருந்ததால் அது எழுந்துகொண்டது. படங்கள் மட்டும் வரவில்லை. ஒரு பார்ட்டிஷனை, அதாவது படங்களுக்கென்று டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை, காணோம் என்றது.

"காணோம்னா?" என்றாள் அக்கா.

"சின்னக் கோளாறுக்கா. பத்து நிமிஷம்." மத்தியானம் வரை அதே பத்து நிமிஷம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்று ஸ்க்ரூ டிரைவர் கேட்டேன். ஸ்டுடியோவுக்குப் பின்னால்தான் வீடு. பெரியம்மா சுண்டலோடு வந்தார்.

"அது பூஜையில இருக்குதும்மா. நாளைக்கு மறுபூஜை போட்டுட்டுத்தான் எடுக்கணும்."

"கத்தியாவது குடுங்க."

"அதுவும் பூஜையிலதான். காயெல்லாம் நேத்தே நறுக்கி வெச்சுட்டேன்."

எனக்கு உள்ளூர நிம்மதி. சாஃப்ட்வேர் படித்தவள் ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம் அது. கமாண்ட் மேல் கமாண்டாக அடித்தேன். பார்ட்டிஷன் டேபிள் கெட்டுவிட்டது என்றேன். கர்னல் சரியில்லை என்றேன். விருத்தாசலத்துக் கரண்டே சரியில்லை என்றேன். கடைசியில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வரும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "எல்லாப் படமும் போச்சு" என்று அறிவித்தேன்.

அக்கா விசும்ப ஆரம்பித்தாள்.

"தாலி கட்டுன படம் ஒண்ணாவது இல்லியா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மாப்பிள்ளை ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "வுடு கவிதா, இன்னொரு தடவ கட்டிப் போட்டோ எடுத்துக்குவோம்" என்றார். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரை முறைத்தாள்.

"கேமராவும் பூஜையிலதான் இருக்குது" என்றார் பெரியம்மா.

போனது போகட்டும் என்று, மீதியிருந்த டிஸ்க்கை அழித்துப் புதிதாக அமைக்கும் கமாண்டை அடித்தேன். தொடரவா என்று கேட்டது. விரலை வைத்தேன்.

"இருடி" என்றாள் அக்கா. "அப்பா சி.டி.யில எதுனா போட்டு வெச்சிருக்காரான்னு ஒரு வார்த்த கேட்டுரலாம்."

லேண்ட்லைனிலிருந்து பெரியப்பாவின் செல்லுக்கு அடித்தேன். மணி வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. (அதையும் பூஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் மனிதர்!) சத்தம் வந்த பக்கம் ஓடினேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் கேமரா, ஸ்க்ரூ டிரைவர், அரிவாள்மணை, அலறிக்கொண்டிருந்த செல். அதற்குப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் இட்டு, தலையில் ஒரு சாமந்திப்பூவோடு, என் ஹார்டு டிஸ்க்.

பெரியப்பாமேல் தப்பே இல்லை. நான் தொட்டுக் காட்டிய அதே டிஸ்க்கைத்தான் பயபக்தியோடு கழற்றி வைத்திருந்தார்.

திரும்ப ஓடி, தொடர வேண்டாம் என்று அடித்தேன். ஒரே ஒரு தட்டில் அக்காவின் கல்யாணத்தையே அழித்திருப்பேன்.

டிஸ்க்கை எடுக்கப் போனால் மாப்பிள்ளையின் அம்மா குறுக்கே நின்றார். "கைய வெக்காதம்மா! நாளைக்குத்தான்." புதுச் சம்பந்தியம்மாவை எதிர்த்துப் பேச அங்கே யாருக்கும் தைரியமில்லை. மூவரும் ராத்திரி தங்கி, மிச்சப் பொரியைத் தின்றுகொண்டே என்னை ஓட்டித் தீர்த்தார்கள்.

மறுநாள் பெரியப்பா கற்பூரம் காட்டி, குங்குமத்தைத் துடைத்து டிஸ்க்கை மாட்டினார். தாலி கட்டியது முதல் பந்தி வரை அத்தனை படமும் வந்தது. அவர் துடைப்பதற்கு முன்பே மாப்பிள்ளை கேமராவைத் தூக்கி, சாமந்தியோடு டிஸ்க்கை ஒரு படம் எடுத்துவிட்டார்.

அவர்கள் கல்யாண ஆல்பத்தில், பிள்ளையார் படம் இருக்கவேண்டிய முதல் பக்கத்தில், இன்றைக்கும் அதுதான் இருக்கிறது. அக்காவின் மகள் பேசப் பழகிய வயதில் அதைக் காட்டி, "இது என்னா சாமிப்பா?" என்று கேட்டிருக்கிறாள். மாப்பிள்ளை கொஞ்சமும் சிரிக்காமல், "உங்க சித்தியோட குலசாமி. கும்புட்டுக்க" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து நான் எப்போது போனாலும் அவள் ஆல்பத்தைத் தூக்கிவந்து என் மடியில் விரித்து, பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். வீடே வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும். வேறு வழியில்லாமல் நானும் போட்டுக்கொள்கிறேன்.