தலைகீழ் மரியாதை

ஆவி பறந்த தேத்தண்ணியை அப்படியே அடுப்படிக்குத் திருப்பிக் கொண்டுபோனாள் சீதேவி. முகம் கறுத்துப்போயிற்று. பின்னே? பாரிஸிலிருந்து முதன்முதல் வீட்டுக்கு வந்த மருமகள் எலோடி வேண்டாமென்றுவிட்டாளே! போனில் இதுவரை கையசைத்துச் சிரித்த பிள்ளை.

மகன் ரதீஸ், தங்கள் இருவரையும் ஸ்டேசனிலிருந்து ஏற்றி வந்த இர்ஷாத்தின் ஓட்டோவை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, கூட்டாளியின் மோட்டார்சைக்கிளில் ஹோட்டல் அறை பார்க்கப் போயிருந்தான். அவன் வருவதற்குள் மருமகளிடம் ஒரு சம்மதம் வாங்கியாக வேண்டும்: ஹோட்டல் வேண்டாம், இங்கேயே தங்கு. அதற்காகத்தான் சீதேவி இரண்டு மாதமாகப் பக்கத்து வீட்டு ரியூசன் ரீச்சர் பிரஷாந்தியிடம் மரியாதை இங்கிலீஷ் படித்தாள். அறைக்குப் பூசிய புது நீலப் பெயின்றை நாவற்குடாவில் எட்டிப் பார்க்காத ஆளில்லை.

வேலிக்கு மேலே பிரஷாந்தியின் தலை எழும்பியது.

"என்னக்கா, கேட்டீங்களா?"

"'வுட் யூ மைண்ட்' எண்டு கேட்டன் புள்ள. 'ஓம்' எண்டுட்டா."

"ஐயோ! அந்தக் கேள்விக்கு 'நோ' சொன்னாத்தான் சம்மதம். 'யெஸ்' எண்டா, 'ஓம்' எண்டா, மனமில்ல."

"தெரியும். அதுதான் கோப்பையத் தூக்கிற்று வந்தன். மறுக்கிறதையும் நம்மட தமிழிலயே மறுக்கிறா, பாரன்!"

"மரியாதை காணாதாக்கும். ஒரு பிளீஸ் போட்டுப் பாருங்க."

நண்டுக் கறிக்கு ஒரு பிளீஸ் போட்டாள். "ஓம்," என்றாள் எலோடி, கண் சட்டியிலேயே இருக்க. சட்டி அடுப்படிக்குத் திரும்பியது. பிட்டுக்கு இரண்டு பிளீஸும் ஒரு கைண்ட்லியும். "ஓம், ஓம்!" பிட்டும் போயிற்று. பிள்ளையின் வயிறு கடகடத்தது வேலிவரை கேட்டதாம். பிரஷாந்தி சொன்னது, அரைவாசி கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் சீதேவி சேலையைச் சரிசெய்துகொண்டு, நீல அறையைக் காட்டி, நாக்குத் தடுமாறக் கேட்டாள்.

"பிளீஸ்... வுட் யூ மைண்ட்... ஸ்டே... மை ஹவுஸ்?"

எலோடி எழுந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஓம்! ஓம்! ஓம்!"

மூன்று தரம்! கையைப் பிடித்து வேறு மறுக்கிறாள். சீதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பயணப்பெட்டியைத் தானே இழுத்துப்போய் ஓட்டோவில் ஏற்றினாள். ஒன்றும் விளங்காமல் எலோடியும் பின்னாலேயே வந்தாள்.

"தம்பி, இவவ ஹோட்டலுக்குக் கொண்டு விடுங்க. நம்மட வீடு புடிக்கல்லயாம். ரெண்டு மாசம் படிச்ச இங்கிலீசு முழுக்கக் கேட்டுப் பாத்துட்டன்."

இர்ஷாத் பெட்டியைத் திருப்பி இறக்கி வைத்தான்.

"இங்கிலீசோ? நானும் வழியில கதைச்சுப் பாத்தன், ரதீஸ் விழுந்து சிரிச்சவன். அவவுக்கு பிரெஞ்சைத் தவிர ஒரு சொல்லும் தெரியாதுக்கா. 'அம்மா என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு' எண்டு அவன் சொல்லிக்குடுக்க, ஸ்டேசனிலயிருந்து இஞ்ச வரைக்கும் அந்த ஒத்தச் சொல்லத்தான் பாவம், பாடமாக்கிற்று வந்தவ!"