மாடியில் மகளிர் விடுதி

திருநெல்வேலி டவுணில் இருந்த தன் வீட்டு மாடியைப் பெண்கள் விடுதியாக்குவது என்று முத்துசுப்பிரமணியன் முடிவெடுத்தபோது, அது தன் வீடே இல்லை என்பது அவருக்கு நினைவில் இல்லை. அவருடைய மனைவி ராஜலக்ஷ்மிக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்த வீடு. வாசலில் தொங்கிய பெயர்ப்பலகை மட்டும்தான் அவருடையது.

மாடியில் குடியிருந்தவர்கள் போன மறுநாளே அங்கே பிளைவுட் தடுப்புகள் ஏறின. ரத வீதி ஜவுளிக்கடைகளில் வேலை பார்த்த முக்கூடல், ஸ்ரீவைகுண்டம் பெண்கள் கட்டிலுக்கு ஒருத்தியாக வந்து சேர்ந்தார்கள். இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டுமாமே, அதிகாரிகள் வந்து கக்கூஸ் வரைக்கும் பார்ப்பார்களாமே என்று ராஜலக்ஷ்மி கேட்டாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரசு அலுவலகத்திலேயே ஆயுளைத் தேய்த்து ஓய்வுபெற்றவர் அவர்.

"எந்தக் காகிதம் எந்த மேசையில எம்புட்டு நாள் தூங்கும்னு எனக்குத் தெரியாதாட்டி? தூங்க வச்சவனே நான்தானே."

"செரி. இத்தனை பேருக்கும் ஆக்கிப்போட ஆளு?"

"நீ இருக்கேல்லா."

அவள் இருந்தாள். காலையில் இட்லி, கடைக்குக் கட்டிக்கொடுக்கச் சோறு, வேலை முடிந்து வருகிறவர்களுக்குத் தோசை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் மறுபடி அரிசி நனையப்போட வேண்டும். இடுப்பு பிடித்துக்கொண்டது. சமையலுக்கு ஒரு ஆள் வைக்கலாமா என்று பையக் கேட்டுப் பார்த்தாள். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உனக்கு வேற என்ன சோலி?"

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. மத்தியான வேளைகளில் நெல்லையப்பரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்ப ஆரம்பித்தாள். பெண்டாட்டி பக்தியில் இறங்கிவிட்டாள், இனி வாய் திறக்கமாட்டாள் என்று அவர் நிம்மதியாகக் கண்ணயர்ந்தார். மத்தியானத்தில் கோவில் நடை சாத்தியிருக்கும் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. அவள் ஏற்பாட்டில் மாடிக் குளியலறைகளுக்கு நல்ல தாழ்ப்பாள் வந்தது. தடுப்புகள் போய்ச் சுவர் வந்தது. வாசலில் கேமராகூட வந்தது. விடுதிக்குக் கௌரவம்தானே என்று விட்டுவிட்டார். அவள் கையில் வளையல் குறைந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

ஒரு காலையில் ஜீப் வந்து நின்றது. விடுதிகளைச் சோதிக்கும் அதிகாரி ஞானசௌந்தரி இறங்கினார். முத்துசுப்பிரமணியன் சட்டையை மாட்டிக்கொண்டு முந்தினார். விடுதியா, யார் சொன்னது, எல்லாம் என் மனைவியோட அக்காள் பிள்ளைகள், லீவுக்கு வந்திருக்கிறார்கள் என்று அளந்தார். எத்தனை அக்காள் என்று அதிகாரி கேட்டார். அவர் யோசித்தார்.

"லைசென்ஸ் கேட்டு விண்ணப்பம் போட்டதே உங்க மனைவிதானே சார். அவங்க பேர்லதான் கேட்டிருக்காங்க," என்றார் ஞானசௌந்தரி.

அதிகாரி மாடியெல்லாம் ஏறிப் பார்த்தார். பெண்களிடம் தனியாகப் பேசினார். இறங்கி வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது, ஒன்றுதான் இடிக்கிறது என்றார். பெண்கள் தங்கும் கட்டடத்தில் ஆண்கள் குடியிருக்கக் கூடாது.

"கீழ இவரு இருக்காரே?"

முத்துசுப்பிரமணியன் மனைவியைப் பார்த்தார். கட்டின புருஷன் என்று அவள் சொன்னால் போதும், மீதியைத் தான் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ராஜலக்ஷ்மி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வாரம் பொறுங்க மேடம். காலி பண்ணிருவாரு."

கோர்ட்டுக்குப் போகிறேன் பார் என்று குதித்துக்கொண்டு, சிநேகிதர் வக்கீல் செந்தில்முருகனிடம் ஓடினார். வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வீடு யார் பேர்ல வே?"

திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. இந்த வயதில் நான் எங்கே போவேன் என்றார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே பதில் சொன்னாள். "வீட்ட விடுதியாக்குனது நீங்கதான். நான் லைசென்ஸ் மட்டும்தான வாங்குனேன்."

ஜங்ஷன் பக்கம் நூர்முகம்மது நடத்தும் மேன்ஷனில் அவருக்கு ஒரு அறை கிடைத்தது. சொந்த ஊரிலேயே எதுக்கு அண்ணாச்சி ரூம் என்று நூர்முகம்மது கேட்டபோது, வீட்டில் மராமத்து நடக்கிறது என்றார். இங்கே டவுணில், ராஜலக்ஷ்மி சமையலுக்கு ஆள் வைத்துக்கொண்டாள். இடுப்பு நிமிர்ந்தது.

ஹோட்டல் சாப்பாடு வயிற்றைக் கெடுத்த பிறகு, ஒரு நாள் மாலை மயங்கும் நேரத்தில் அவர் டவுண் பஸ் ஏறி வந்து இரும்புக் கதவைத் தட்டினார். உள்ளே சாம்பார் கொதிக்கும் வாசனை. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, யாரோ ஒரு பெரியவர் நிற்கிறார் என்றாள்.

அடுக்களையிலிருந்து ராஜலக்ஷ்மியின் குரல் வந்தது. "பார்வையாளர் நேரம் முடிஞ்சிட்டுன்னு சொல்லும்மா."