ரவுட்டரின் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர்

தொழிற்சாலையில் வேலை பார்ப்பவனை வீட்டில் எந்தக் கருவியையும் தொட விடக்கூடாது. நான் தொட்டேன். அதனால்தான் எனக்குக் கல்யாணம் ஆனது.

அப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். ஊர் தென்காசிப் பக்கம். பிள்ளைப்பாக்கத்தில் ஏகாம்பரம் சார் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். அவர் மகள் ரேவதியும் எங்கள் கம்பெனி பஸ்ஸில்தான் வருவாள். (பஸ்ஸில் நடந்ததெல்லாம் இங்கே வேண்டாம்.) வீட்டில் மாப்பிள்ளை தேட ஆரம்பித்ததும், ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பாவிடம் பேசிவிடு என்று கெடு வைத்துவிட்டாள்.

எனக்கோ அவரைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் செல்போனை ஜன்னலில் சாய்த்து வைத்து, அவரிடம் பேசுவது போலப் பேசி வீடியோ எடுத்துப் பழகினேன். போனில் இடமில்லாமல் அந்த வீடியோக்களை என் வைஃபை ரவுட்டரில் செருகியிருந்த ஹார்டு டிஸ்கில் போட்டு, கம்பெனி வழக்கப்படி 'ட்ரையல்', 'ரீவொர்க்', 'ரிஜெக்ட்' என்று பெயரும் வைத்தேன்.

ரவுட்டர் மாடிப்படித் திருப்பத்தில் இருந்தது. பாஸ்வேர்டு கிடையாது. எதிர் டீக்கடை மொத்தமும் என் வைஃபையில் படம் பார்த்தது. எனக்கு ஒரு மெயில்கூடத் திறக்கவில்லை. ஆத்திரத்தில் எனக்கே வாயில் நுழையாத ஒரு பாஸ்வேர்டைப் போட்டேன். அத்தோடு நின்றிருக்கலாம். எங்கள் கம்பெனியில் எந்த மெஷினுக்கும் அதன் செட்டிங்கை அச்சடித்து மெஷின் மேலேயே ஒட்ட வேண்டும். கைப்பழக்கம் விடுமா? பாஸ்வேர்டை அச்சடித்து, லேமினேட் செய்து, ரவுட்டரின் நெற்றியிலேயே ஒட்டிவிட்டேன். வைஃபைக்குள் வரும் எவருக்கும் டிஸ்கில் இருப்பது தெரியும், அதைத் தனியாகப் பூட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

சனிக்கிழமை மாலை கீழேயிருந்து சார் கூப்பிட்டார். "தம்பி, புது டிவி வாங்கிகீறேன். ஸ்டிக்கர பாத்து வைஃபை போட்டேன். இன்னா அமுக்குனாலும் நீதான் வர்ற. இன்னானு பாரு."

நிபுணர் மிடுக்கோடு இறங்கினேன். டிவி நிறைய நான். பனியனோடு. "மாமா, ஒங்க பொண்ண எனக்குக் கட்டித் தாங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். சாரின் மனைவி கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் ரேவதி முகம் வெளுத்து நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. அறை போனால் போகட்டும், இவள் போய்விடுவாளே என்று பயந்தேன்.

"ரவுட்டர்ல சின்னக் கோளாறு சார். ஆஃப் பண்ணிருதேன்."

"இருப்பா, இன்னும் முடியல." ரிமோட்டை அவர் விடவில்லை. "ரிஜெக்ட்டுனு ஒண்ணு கீதே, அதுல இன்னா கொற?"

"அதுல அழுதுட்டேன் சார்."

"அதான் நல்லா கீது" என்றார் அவர் மனைவி.

சார் டிவியை அணைத்தார். "இவ்ளோ கஷ்டப்பட்டுகினு எதுக்கு டிவில கேக்குற? இங்க குந்தி கேளு."

உட்கார்ந்தேன். மனப்பாடம் செய்த ஒரு வரியும் வரவில்லை. கடைசியில், "பாஸ்வேர்ட மாத்திருதேன், மாமா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "மாமானு சொல்ட்ட இல்ல, அப்பால இன்னா? சாப்ட்டு போ."

பாஸ்வேர்டை மாற்றினேன், டிஸ்கையும் பூட்டினேன். புது ஸ்டிக்கரை மாமாவே ஒட்டினார்.

போன மாதம் என் மகள் சைக்கிள் கேட்டுத் தாத்தாவுக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். உடனே மாமாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"ரிஜெக்ட்டுபா. இதுல அழவே இல்ல. நேர்ல இட்டுகினு வா."