நைனா மாத்திரைக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்த கதை

யாரும் கேட்காமலே விளக்கம் சொல்வது எனக்கு ஒரு வியாதி. ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்த பிறகு அது முற்றிப்போனது. குழம்பு கொதித்தால்கூட ஏன் கொதிக்கிறது என்று அம்மாவுக்குப் பாடம் எடுப்பேன். (அம்மா கரண்டியைத் தூக்குவாள். பாடம் முடிந்துவிடும்.)

நம் உடம்பில் செல்கள் எப்படித் தாமாகவே சாகின்றன, எந்தெந்தப் புரதங்கள் அந்தச் சாவை நடத்துகின்றன, எவை தடுக்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றிருந்தேன், என் அப்பாவுக்கு, அதாவது நைனாவுக்கு, ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொல்லும் வரை.

நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, நாலு மாசம் முன்புதான் ஓய்வு பெற்றவர். கிரேனைவிடத் தொழிற்சங்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒருநாள்கூட விடக்கூடாது என்றார். பெயரைப் படித்ததும் துள்ளிக் குதித்தேன். நான் ஆராயும் அதே புரதத்தை அடக்குகிற மாத்திரை! பேசாமல் தண்ணீரோடு கொடுத்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"நைனா, கெட்டுப்போன செல்லுக்கு உடம்பு 'செத்துப் போ'ன்னு ஆர்டர் போடும். உள்ளயே சில புரதங்க கத்தரிக்கோல் மாதிரி எல்லாத்தையும் வெட்டி மூட்டை கட்டிடும். பக்கத்து செல்லுங்க வந்து சுத்தம் பண்ணிடும். ஆனா உன் ரத்தத்துல ஒரு புரதம் வாட்ச்மேன் மாதிரி நின்னுகினு ஆர்டரை உள்ள விடமாட்டேங்குது. இந்த மாத்திரை அவனைத் தூக்கிடும்."

நைனா மாத்திரையைத் தட்டில் திரும்ப வைத்தார்.

"வாட்ச்மேன் மேல இன்னா குத்தம்?"

"ஆர்டரைத் தடுக்கறானே."

"ஒருத்தனைச் சாவச் சொல்லி ஆர்டர் வருது, அவன் குறுக்க நிக்கறான். அவன் நம்ம ஆளு பாப்பா. மெமோ குடுத்தாங்களா? விசாரணை வெச்சாங்களா?"

"விசாரணைக்கும் ஒரு புரதம் கீது நைனா. ரிப்பேர் பண்ண முடியுமான்னு பார்த்துட்டுதான்..."

"அது யாரு? மேனேஜ்மெண்ட் ஆளா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "வேலை முடிஞ்சவங்க போய்த்தான் ஆவணும்! பழசெல்லாம் எடத்தை அடைச்சுகினு உக்காந்திருந்தா எப்படி?" என்று கத்திவிட்டேன்.

அடிப்பாவி, யாரிடம் என்ன சொன்னேன்!

"சரிம்மா," என்றார் நைனா. பிறந்ததிலிருந்து என்னைப் 'பாப்பா' என்று மட்டுமே கூப்பிட்டவர். எழுந்து போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அன்று மாத்திரை போடவில்லை. மறுநாளும் இல்லை. கேட்டால், "ஸ்டிரைக்கு" என்றார். நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். (செல் சாவில் நிபுணி, அப்பனைச் சாகடிக்கப் பார்க்கிறாள்.)

மூன்றாம் நாள் காலை, அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"யோவ், ரெண்டு நாளா நானும் கேட்டுகினு கீறேன். அந்த வாட்ச்மேன் உன்னையா காப்பாத்தறான்? உன் ரத்தத்துலயே இருந்துகினு, உன்னை அழிக்கறவனுக்கு இல்ல காவல் நிக்கறான்? கூட இருந்தே கழுத்தறுக்கறவனுக்கு உங்க சங்கத்துல இன்னா பேரு?"

நைனா சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பினார். "கருங்காலி," என்றார்.

"அப்பறம் இன்னா? கருங்காலிக்கு ஸ்டிரைக் பண்றியா நீ?"

(இத்தனை வருஷம் படித்த நான் இரண்டு நாளாகத் தொண்டை கிழியச் சொன்னது இதைத்தான்.)

நைனா எழுந்து உட்கார்ந்தார். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அன்னிக்கு உன்னைச் சொல்லல நைனா. நீ எனக்கு வேணும்," என்றேன்.

"தெரியும் போ. தண்ணி குடு பாப்பா."

மாத்திரையைக் கையில் எடுத்தவர், முஷ்டியை உயர்த்தி, "கருங்காலி ஒழிக!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு விழுங்கினார்.

இப்போது எனக்கு வெளியூரில் வேலை. தினமும் காலை எட்டு மணிக்குப் போன் வரும். நைனா கோஷம் போடுவார். நான் ஆய்வகத்தில் எல்லார் நடுவிலும் நின்று, "ஒழிக! ஒழிக!" என்று கத்த வேண்டும். கத்தாவிட்டால் விழுங்க மாட்டார். கூட வேலை செய்பவர்கள் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள். எட்டு தாண்டி இரண்டு நிமிடம் போன் வராவிட்டால் நானே போன் போட்டு, "கருங்காலி!" என்று ஆரம்பித்துவிடுவேன்.