ஒயில் என்பது எண்ணெய் வகை

மலேசியாவின் பாரோயில் தையல்கடை திறக்கும் ஒருவர், தம் கடைப் பெயரின் பொருள் என்னவென்று உரிய அதிகாரியிடம் தெரிவித்து ஒப்புதல் பெற்ற பிறகே பலகை மாட்ட வேண்டும். மிகவும் நியாயமான விதி. புஷ்பவள்ளிக்கும் அதில் ஒரு வருத்தமும் இருக்கவில்லை, அந்த அலுவலகத்துக்கு முதல் தடவை போய்வரும் வரைக்கும்.

பதினெட்டு வருஷம் செனாவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்தவள் அவள். தொழிற்சாலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளை மட்டும் இங்கேயே விட்டுவிட்டார்கள். லீவு நாளில் தோழிகளுக்கு ரவிக்கை தைத்துப் பழகிய கை சும்மா இருக்குமா? வாடகைக்குக் கடை எடுத்துவிட்டாள். தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறு வாரம்தான் தையல்காரிக்கு வருஷம்.

"எலிகன்ஸ்னு வைம்மா" என்றாள் மகள் ரோகினி.

அதே வரிசையில் எலிகன்ஸ் பூட்டிக், எலிகன்ஸ் சலூன், நியூ எலிகன்ஸ் மோட்டார் வாஷ் என்று மூன்று ஏற்கெனவே இருந்தன. நாலாவதாக இருக்கப் புஷ்பவள்ளிக்கு மனமில்லை. 'ஒயில்' என்று வைத்தாள்.

அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அது எல்லா ஊரிலும் உண்டு. நான்காம் கவுண்டரில் துணை உதவி விளம்பரப் பலகை அதிகாரி (சொற்கள் பிரிவு) சத்தியசீலன் உட்கார்ந்திருந்தார். பெயரை ரோமன் எழுத்தில் கம்ப்யூட்டரில் தட்டினார்.

"எழுத்துப்பிழைன்னு திருத்திடுச்சுக்கா. ஆயில். சமையல் எண்ணெயா, வண்டி எண்ணெயா?"

"எண்ணெய் இல்ல சார், ஒயில். நான் தைக்கிற ரவிக்கையைப் போட்டுக்கிட்டு கையைத் தூக்கினா தோள் இழுக்காது. நடந்தா துணியும் கூடவே நடக்கும். அதுதான் ஒயில்."

"மலாய்ல?"

"அங்குன்."

"அதையே வச்சிருக்கலாமேலா. இப்ப பாருங்க, எண்ணெய் வகைக்குப் போயிடுச்சு. தீப்பிடிச்சா அணைக்க வாசல்ல ரெண்டு சிவப்பு வாளி, உள்ள மண்ணு, கட்டாயம்."

"துணிக்கடையில மண்ணு வாளி எதுக்கு?"

"எண்ணெய்க் கடையில நீங்க ஏன் துணி தைக்கிறீங்கன்னு நான் கேட்டேனா?"

வாளி வேண்டாமென்றால், அந்தச் சொல் எண்ணெய் அல்ல, அழகே என்று ஒரு தமிழ் அமைப்பு சான்றிதழ் தர வேண்டும். அதற்கு ஒரு விண்ணப்பப் பாரம் கொடுத்தார்.

சிரம்பானில் செந்தமிழ்ச் சுடர் மன்றத்தின் தலைவர் அமிர்தலிங்கம் அவளை வரவேற்று, உடனே மூவர் அடங்கிய சொல்லாய்வுக் குழுவை அமைத்தார். வடையும் வந்தது. சொல் 'ஒய்யார'த்திலிருந்து பிறந்தது என்றார் ஒருவர். ஒய்யாரமே ஒயிலிலிருந்துதான் பிறந்தது என்றார் அடுத்தவர். ஒயிலாட்டம் ஆண்கள் ஆடுவது, ஆகவே பெண்கள் கடைக்கு இந்தப் பெயர் தகாது என்றார் மூன்றாமவர்.

"முடிவு எப்பங்கய்யா வரும்?"

"அவசரப்படக் கூடாதம்மா. ஆய்வு. தீபாவளி கழியட்டும்."

"தீபாவளி கழிஞ்சா எனக்குக் கடையே வேணாங்கய்யா!" குரல் உடைந்துவிட்டது. வடை தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இரக்கப்பட்டு இடைக்காலக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். மன்றத்துக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து இல்லாததால் அது ஆங்கிலத்தில் இருந்தது. ஒயில் என்றால் எலிகன்ஸ் என்று ஒரே வரி.

சத்தியசீலன் அதை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப உங்க கடை பேரு எலிகன்ஸ். அது ஏற்கெனவே மூணு இருக்கேக்கா. அதுல ஒண்ணு மோட்டார் கழுவுறது. ஜனங்க குழம்பிடுவாங்க."

"ரவிக்கை தைக்க வந்தவங்க மோட்டாரைக் கழுவிட்டுப் போயிடுவாங்களா சார்?"

"போகலாம்லா. அதைத் தடுக்கத்தான் நாங்க இருக்கோம்."

அவள் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "எண்ணெயாவே இருந்துட்டா?"

"எண்ணெய்க்குத் தடையே கிடையாது. இப்பவே சாப் அடிச்சித் தர்றேன்."

சாப் முத்திரை விழுந்த சத்தம் அவளுக்கு நெஞ்சில் கேட்டது. பேணி வைத்திருந்த ஒரு சொல்லைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு வந்ததுபோல் இருந்தது, வீடு சேரும் வரை.

கடை திறந்தது. தைத்த ரவிக்கைகள் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் கூட்டம் வந்தது வாளிகளுக்காக. செக்கச்செவேலென்று வாசலின் இரு பக்கமும் நின்ற அவற்றுக்கு நடுவில் நின்று பெண்கள் படம் பிடித்துப் போட்டார்கள். ரஞ்சிதா என்று ஒரு பெண், இதற்காகவே சிரம்பானிலிருந்து வந்தவள், கேட்டாள்: "அக்கா, இந்த ரெட் பக்கெட் ஸ்டைல் எங்கேர்ந்து எடுத்தீங்க?"

நான்காம் கவுண்டர் கதை முழுவதும் புஷ்பவள்ளியின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பின்னால் ஏழு பேர் அளவு கொடுக்க நின்றார்கள்.

"சென்னையில இப்ப இதுதான்" என்றாள்.

அடுத்த வாரமே மூன்று எலிகன்ஸ் வாசலிலும் வாளிகள் முளைத்தன. எண்ணெய் வகைக் கடைகளைத் தவிர மற்றவை வாளி வைக்கக் கூடாது என்று சத்தியசீலன் நோட்டீஸ் ஒட்டினார். மூவரும் வரிசையில் நின்று எண்ணெய் வகைக்கு மாறினார்கள். எண்ணெய் வணிகத்தில் பாரோயின் வளர்ச்சி குறிப்பிடத்தக்கது என்று ஆண்டறிக்கை பாராட்டியது. சத்தியசீலனுக்குப் பதவி உயர்வும் வந்தது.

தீபாவளி முடிந்ததும் மன்றம் புஷ்பவள்ளியை 'ஒயில்: சொல்லும் பொருளும்' என்று பேச அழைத்தது. காட்டுவதற்கென்று தான் தைத்த ஒரு ரவிக்கையையே அவள் கொண்டுபோயிருந்தாள். துணியை உடம்போடு சண்டை போடாமல் வெட்டுவது எப்படி, தோள்பட்டையில் அரை விரல் இடம் ஏன் விட வேண்டும், போட்டிருப்பவள் போட்டிருப்பதையே மறந்துவிட வேண்டும் என்றெல்லாம் மனசாரச் சொன்னாள். வாழ்நாளில் அவள் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. கைதட்டினார்கள்.

"கேள்விகள் இருந்தால் கேட்கலாம்" என்றார் அமிர்தலிங்கம்.

முன்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். "வாளியில போடுறது ஆத்து மண்ணா, சாதா மண்ணா?"

புஷ்பவள்ளி கையிலிருந்த ரவிக்கையை மெதுவாக மடித்தாள்.

"ஆத்து மண்ணு" என்றாள். "சலிச்சது."

எல்லோரும் பேனாவை எடுத்தார்கள்.