பூவாத்தாள் கல்யாணமும் ராஜாங்க சபைத் தேர்தலும்

பனமரத்துப்பட்டி,
நவம்பர் 1925.

மகா ராஜ ராஜ ஸ்ரீ பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, உள்ளூர் நிருபர் அமிர்தசாமி அனேக வந்தனம். இங்கு ஏரியும் நானும் க்ஷேமம். தங்கள் அச்சு இயந்திரத்தின் க்ஷேமத்துக்கு எழுதவும்.

நேற்று நடந்த டில்லி ராஜாங்க சபைத் தேர்தலில் இவ்வூர்ச் சாவடியில் நூற்றுக்கு நூறு வாக்குப் பதிவு. மாலை ஐந்து மணிக்குச் சாவடி அதிகாரி சொன்னார். வாக்காளர் ஜாபிதாவை நானும் பார்த்தேன். அதில் ஒரே பெயர்: கந்தவேல்.

இந்த மேல் சபையின் அறுபது பேரில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவர்களைத்தான் ஓட்டுப் போட்டு அனுப்புகிறோம். மற்றவர்களை நியமனம் செய்துவிடுகிறார்கள். அந்த ஓட்டும் பெரிய தீர்வைக்காரர்கள், போர்டுத் தலைவராக இருந்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே. கந்தவேல் ஐந்து மாதம் தாலுகா போர்டுத் தலைவராக இருந்தவர். ஆகவே அவர் ஒருவருக்காக ஒரு பந்தல், ஒரு பெட்டி, ஒரு அதிகாரி, இரண்டு போலீஸ்காரர்.

இதோடு நின்றிருந்தால் நாலு வரியில் முடித்திருப்பேன். வருகிற திங்கட்கிழமை கந்தவேல் மகள் பூவாத்தாளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளையின் தகப்பனார் மருதாசலம் தேர்தலில் நிற்கும் கோயமுத்தூர் மிராசுதாருக்கு ஏஜெண்டு, பெண்ணின் தாய்மாமன் வீரபாகு எதிர்த்து நிற்கும் சென்னை வக்கீலுக்கு ஏஜெண்டு, "மிராசுதாருக்கு ஓட்டு இல்லீன்னா மாப்பிள்ளையும் இல்லீங்க சம்பந்தி"ன்னு அவரு, "வக்கீலுக்கு இல்லீன்னா மாமன் சீரும் இல்லீங்க மச்சான்"னு இவரு, ரகசிய ஓட்டாச்சேன்னு நான் ஆறுதல் சொன்னா, "பொட்டிக்குள்ள இருக்கறதே ஒத்தச் சீட்டு, அதுல என்னுங்க ரகசியம்?"னு கந்தவேல் அழாத குறை.

ஆனால் உள்ளே போனவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். சீட்டில் போட்டியிடும் அபேட்சகர்களின் பெயர்களுக்கு நேரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையில் எண் போட வேண்டும். "ரெண்டு பேத்துக்கும் ஒண்ணே போட்டுட்டனுங்க. கல்யாண ஊட்டுல ஒருத்தரை மொதப் பந்தியிலயும் இன்னொருத்தரை ரெண்டாம் பந்தியிலயும் உக்கார வெக்க முடியுங்களா?" என்றார். ஒருவர் இப்படிப் போட்டால் என்ன ஆகும் என்று, பெயர் சொல்லாமல் அதிகாரியிடம் விசாரித்தேன். "சீட்டுச் செல்லாது. கந்தவேல்கிட்டச் சொல்லிப்புடாதீங்க" என்றார்.

எண்ணிக்கை சனிக்கிழமை. 'பனமரத்துப்பட்டி: செல்லாதது ஒன்று' என்ற வரி தங்களுக்கு வந்தால், திங்கட்கிழமை தாலி ஏறும்வரை அதை அச்சேற்ற வேண்டாமென்று மன்றாடுகிறேன்.

தங்கள் குடும்பத்தாருக்கும், என் கையெழுத்தைச் சகித்துக்கொள்ளும் அச்சுக்கோப்பவர்களுக்கும் மாதாவின் கிருபை நிறைவதாக.

இப்படிக்கு,
அமிர்தசாமி

பி.கு.: எல்லா ஊர்ச் சீட்டுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துதான் எண்ணுவார்களாம், அதிகாரி இன்று காலை சொன்னார். ஆகவே மேற்படி மன்றாட்டு தேவையில்லை. இதைக் கந்தவேலிடம் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில் மருதாசலத்தைத் தனியே கூப்பிட்டு, "உங்காளுக்குத்தான் ஒண்ணு போட்டனுங்க" என்றார். வீரபாகுவையும் தனியே கூப்பிட்டு அதையே சொன்னார். இரண்டும் உண்மை. முகூர்த்தப் புடவை எடுக்க இருவரும் ஒரே வண்டியில் மதியம் சேலம் போயிருக்கிறார்கள். போக ஒன்பது மைல், வர ஒன்பது மைல், பேசத் தேர்தலை விட்டால் வேறு விஷயம் இல்லை. வண்டி நாளைக் காலை எட்டு மணிக்குத் திரும்ப வேண்டும்.