மோட்டா நக்கோ

மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கத் தெரியும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நானும் நம்பினேன், அதுதான் வினை.

ஹைதராபாத் வந்த புதிது. சைனிக்புரியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. மனைவி சாந்திக்குக் கால் சென்டரில் ராத்திரி ஷிப்ட், பகலில்தான் தூங்குவாள். எங்கள் கல்யாண வீடியோ கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, டிவிடியாக்கி, மதுரையில் இருக்கும் மாமனாருக்கு அனுப்புவதாக வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். அதற்கு நாள் முழுக்க மெஷின் ஓட வேண்டும்.

"என்னத்தையும் வாங்குங்க. சத்தம் மட்டும் வரக் கூடாது. நான் தூங்கணும்" என்றாள் சாந்தி.

பிராசஸர், மெமரி எல்லாம் ஒரு வாரம் ஆராய்ந்து (ஆபீஸ் நேரத்தில்தான்) முடிவு செய்தேன். மிச்சம், மெஷின் சூட்டைத் தணிக்கும் ஃபேன். சத்தம் போடுவது அதுதான். கடையில் ஆங்கிலம் பேசினால் விலை ஏறும் என்பது என் சித்தாந்தம். அதனால் சத்தத்துக்குத் தெலுங்கில் என்ன சொல் என்று ஆபீஸ் நண்பன் ஸ்ரீனிவாசிடம் கேட்டேன். ஆங்கில எழுத்தில் 'mota' என்று எஸ்எம்எஸ் அனுப்பினான். அவன் 'மோத' என்று எழுதியதை நான் 'மோட்டா' என்று படித்தேன்.

செகந்திராபாத் கடையில் நெஞ்சை நிமிர்த்தி, "பாய், ஃபேன் மோட்டா நக்கோ!" என்றேன். ('நக்கோ' என்றால் வேண்டாம். இந்த ஊரில் வந்து இறங்கிய அன்றே நாக்கில் ஒட்டிக்கொள்ளும்.)

"ஹவ் சாப், பத்லா தேதூம்" என்றார் கடைக்காரர். 'பத்லா' என்றால் என்ன என்று கேட்டிருக்கலாம். கௌரவம் விடவில்லை. பெட்டி, ஃபேன் எல்லாவற்றையும் ஒல்லி ஒல்லியாக எடுத்து வைத்தார். ஒல்லியாக இருந்தால் சத்தம் போடாது என்று நானே ஒரு விஞ்ஞானம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சாந்தி வந்து படுத்ததும் மெஷினைப் போட்டேன். குட்டி ஃபேன்கள் சூடு தாங்காமல் சுற்றிய சுற்றில் வீடே ஊளையிட்டது.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "யாருங்க அது, மிக்ஸியில சட்னி அரைக்கிறது?"

"உங்கப்பாவுக்காகத்தான் சாந்தி..."

"எங்கப்பாவுக்கு டிவிடி வேணாம். மக உசுரோட இருந்தாப் போதும்!"

தலையணையைத் தூக்கிக்கொண்டு கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் போய்விட்டாள். கேசட் வேலை முடியும்வரை அங்கேதான் தூக்கம். நடுவில் மாமனார் ஃபோன் செய்து, "என்ன மாப்ள, ஏர்போர்ட்லயா நிக்கிறீக?" என்று கத்தினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

விஷயம் கேட்ட ஸ்ரீனிவாஸ் தரையில் உட்கார்ந்து சிரித்தான். 'மோத'தான் சத்தமாம். 'மோட்டா' ஹிந்தியில் குண்டு, 'பத்லா' ஒல்லி. குண்டு ஃபேன் வேண்டாம் என்று கடைக்காரரிடம் நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். பெரிய ஃபேன்தான் மெதுவாகச் சுற்றும், சத்தமும் வராதாம்.

இப்போது எனக்குத் தொப்பை விழுந்துவிட்டது, குறட்டையும் சேர்ந்துகொண்டது. சாந்தி முழங்கையால் இடித்து, "மோட்டா நக்கோ" என்கிறாள். தெலுங்கிலா ஹிந்தியிலா என்று நான் கேட்பதில்லை.